சரக்குத் தாளில் வெடிபொருளின் அளவு

அபாயகரமான சரக்கோடு செல்லும் தாளில் சரக்கின் பெயரும், அதற்குரிய எண்ணும், அபாயப் பிரிவும் எழுதப்பட்ட பின்னர் நிரப்ப வேண்டியது அளவு என்னும் கட்டம். மற்றச் சரக்குகளைப் பொறுத்தவரை எடைமேடை தந்த சீட்டையோ தொழிற்சாலையின் பேரேட்டையோ பார்த்து அதை நிரப்பிவிடலாம். அமிலமானால் லிட்டர் என்றும், உரமானால் கிலோ அல்லது டன் என்றும் எழுதினால் போதும். வெடிபொருளுக்கு மட்டும் அந்தக் கட்டம் வேறொரு கேள்வியைக் கேட்கிறது. பெட்டிக்குள் வெடிக்கவோ எரியவோ கூடிய மருந்து மட்டும் எத்தனை கிலோ என்பதே அந்தக் கேள்வி. இதை உணராமல் நிரப்பிய தாள் மற்ற எல்லா வகையிலும் குறையற்றதாக இருந்தாலும், அதை நம்பி முடிவெடுக்கும் துறைமுக அலுவலரையும், கப்பல் அதிகாரியையும், தீயணைப்பு வீரரையும் தவறான வழியில் செலுத்திவிடும். வெடிபொருளின் அளவை அறிவிப்பதில் நேரும் கேடான பிழைகள், கூட்டலிலும் பெருக்கலிலும் தோன்றுவதற்கு முன்னரே, எதை அளப்பது என்பதில் தோன்றிவிடுகின்றன என்பதே இச்சொற்பொழிவு நிறுவ முற்படும் கருத்து.

இன்று உலகெங்கும் வழங்கும் விதிகளுக்கு மூலமாக இருப்பவை, ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக மன்றத்தின் கீழ் அமைந்த வல்லுநர் குழு 1956இல் முதன்முதலாக வெளியிட்டுப் பின்னர்த் தொடர்ந்து திருத்திவரும் பரிந்துரைகள். ஆரஞ்சு நிற அட்டையோடு வருவதால் துறை சார்ந்தவர்கள் அதை ஆரஞ்சுப் புத்தகம் என்றே சொல்வார்கள். கடல் வழிக்கு உரிய பன்னாட்டு அபாயச் சரக்குத் தொகுப்பு, வான் வழிக்கு உரிய தொழில்நுட்ப அறிவுரைகள், ஐரோப்பியச் சாலைகளுக்கு உரிய ஒப்பந்தம், அமெரிக்கக் கூட்டாட்சி விதித் தொகுப்பின் 49ஆம் தலைப்பு ஆகிய யாவும் இன்று இந்த மூலத்தைப் பின்பற்றுபவை. அவற்றுள் கடல்வழித் தொகுப்பு, கடலில் உயிர்ப் பாதுகாப்பு பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் வழியாக 2004ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து கட்டாயமாயிற்று. இம்முறையில் அபாயப் பொருள்கள் 9 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, முதல் வகுப்பு வெடிபொருளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவ்வகுப்புக்குள் 6 பிரிவுகள் உண்டு. சரக்கு முழுவதும் ஒரே கணத்தில் வெடிக்கக்கூடியது 1.1, சிதறல்களை வீசக்கூடியது 1.2; பெருந்தீயாக எரியக்கூடியது 1.3, அபாயம் பெரும்பாலும் பொதிக்குள்ளேயே அடங்கிவிடுவது 1.4, எளிதில் தூண்டப்படாவிட்டாலும் தூண்டப்பட்டால் மொத்தமாக வெடிக்கக்கூடியது 1.5, மிக அரிதாகவே தூண்டப்படும் பண்டங்கள் 1.6. இந்த எண்ணோடு ஓர் எழுத்தும் சேரும். எந்த வெடிபொருளை எதனோடு ஒன்றாக அடுக்கலாம், எதனோடு அடுக்கக்கூடாது என்பதைச் சொல்லும் இவ்வெழுத்தைப் பொருந்துமைக் குழு எனலாம். டிஎன்டி 1.1டி என்றும், பலவகைப் பட்டாசுகள் 1.4ஜி என்றும், சிறிய துப்பாக்கித் தோட்டாக்கள் 1.4எஸ் என்றும் குறிக்கப்படுவது இம்முறையால்தான்.

அளவைப் பற்றிய விதி சுருக்கமானது. கடல்வழித் தொகுப்பும் அமெரிக்க விதியும் ஒரே குரலில், முதல் வகுப்புச் சரக்குக்கு எழுத வேண்டிய அளவு நிகர வெடிபொருள் நிறையே என்கின்றன. பொதியுறைகள், உலோகக் கூடுகள், காகிதக் குழாய்கள் முதலியவற்றை நீக்கிவிட்டு எஞ்சும் வெடிபொருள்களின் மொத்த நிறை என்பது அதன் பொருள். நிகர வெடிபொருள் அளவு, நிகர வெடிபொருள் எடை, நிகர வெடிபொருள் உள்ளடக்கம் என்று படைத்துறையினரும் சுரங்கத் துறையினரும் வெவ்வேறு பெயர்களால் சொல்வதும் இதையே என்று ஆரஞ்சுப் புத்தகம் தன் வரையறைப் பகுதியில் விளக்கிவிடுகிறது. இதை டிஎன்டிக்குச் சமமான அளவோடு குழப்பிக்கொள்வது படித்தவர்களிடமும் காணப்படும் பிழை. ஒரு வெடிபொருளின் ஆற்றலை டிஎன்டியின் ஆற்றலோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவது பாதுகாப்புப் பொறியாளர்களின் வேலை; சரக்குத் தாள் அதைக் கேட்பதில்லை. டிஎன்டியைவிட வலிமை மிக்க மருந்தாயினும், வலிமை குறைந்த கரிமருந்தாயினும், உள்ளபடி எத்தனை கிலோ இருக்கிறதோ அதுவே எழுதப்பட வேண்டும்.

ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் விதியின் கனம் புலப்படும். எம்107 என்ற 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்றின் எடை சுமார் 43 கிலோ. அதன் எஃகுக் கூட்டுக்குள் இருக்கும் டிஎன்டி சுமார் 7 கிலோ. இத்தகைய குண்டுகள் 100 அனுப்பப்படுமானால், மரப்பலகையும் கட்டுக்கம்பியும் சேராமலேயே எடைமேடை 4,300 கிலோ காட்டும். நிகர வெடிபொருள் நிறையோ 700 கிலோவை ஒட்டியே நிற்கும். எடைமேடைச் சீட்டிலிருந்து எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதிய எண் உண்மையான எண்தான், ஆனால் கேட்கப்பட்ட எண் அதுவன்று. மிகையாக எழுதுவதால் யாருக்கு என்ன கேடு என்று இங்கே ஒருவர் வினவலாம். மிகையாக அறிவிக்கப்பட்ட சரக்கைத் துறைமுகம் ஏற்க மறுக்கும், அல்லது ஒரே லாரியில் போக வேண்டியது பல லாரிகளில் பிரிக்கப்பட்டு, அபாயச் சரக்கு சாலையில் செல்லும் தடவைகள் கூடும். அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் உண்டு. தாள்களில் வரும் எண்கள் எப்போதும் மிகையானவை என்று பழகிப்போன அலுவலர், உண்மையிலேயே பேரளவு மருந்து வந்து சேரும் நாளில் அந்த எண்ணையும் குறைத்தே மதிப்பிடுவார்.

துப்பாக்கித் தோட்டா போன்ற பண்டங்களுக்கு அமெரிக்க விதி ஒரு விலக்கு அளிக்கிறது: பண்டத்தின் நிகர நிறையையோ, அதிலுள்ள வெடிபொருளின் நிறையையோ, இரண்டில் ஒன்றைக் காட்டலாம். உள்நாட்டுப் போக்குவரத்தின் வசதிக்காகத் தரப்பட்ட இந்தச் சலுகை, அதே சரக்கு கப்பலேறும்போது குழப்பத்துக்கு வழிவகுக்கிறது. எந்த நிறை என்று பக்கத்திலேயே சொல்லால் எழுதப்படாத எண், ஒரு கரையில் ஒரு பொருளும் மறுகரையில் வேறு பொருளும் தரும். ஆகவே விதி இடங்கொடுத்தாலும், எண்ணுக்கு அருகில் நிகர வெடிபொருள் நிறை என்ற சொற்களை எழுதாமல் விடுவது நல்ல வழக்கமாகாது.

இந்த எண்ணைக் கொண்டு எடுக்கப்படும் முடிவுகளுள் முதன்மையானது தூரம். வெடிப்பின் அதிர்ச்சி அலை ஒரே அளவு சேதத்தை உண்டாக்கும் தூரம், வெடிபொருளின் நிறைக்கு நேர் விகிதத்தில் வளர்வதில்லை. நிறையின் முப்படி மூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. ஹாப்கின்சன், கிரான்ஸ் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் இந்த விதியின்படி, நிறை 8 மடங்கானால் காப்புத் தூரம் 2 மடங்காகும். 27 மடங்கானால் 3 மடங்காகும். மொத்தமாக வெடிக்கும் 1.1 பிரிவுச் சரக்குக்கான காப்புத் தூரங்கள் யாவும் இந்த உறவை அடிப்படையாகக் கொண்டே வகுக்கப்படுகின்றன. கப்பல் எந்தத் தளத்தில் கட்டப்பட வேண்டும், பக்கத்துத் தளத்தில் வேறு கப்பல் நிற்கலாமா, கரையிலுள்ள குடியிருப்பு எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல, துறைமுகத்தின் கையில் இருப்பது சரக்குத் தாளில் வந்த அந்த ஓர் எண்தான். பத்தில் ஒரு பங்காகக் குறைத்து எழுதப்பட்ட சரக்குக்கு, வேண்டிய தூரத்தில் பாதியைக்கூட ஒதுக்க மாட்டார்கள் என்பது எளிய கணக்கு.

சாலையிலும் இதே எண் வரம்பு வகுக்கிறது. ஐரோப்பிய ஒப்பந்தத்தின்படி, ஏ குழு நீங்கலான 1.1 பிரிவுப் பொருள்களை இரண்டாம் தர வெடிபொருள் வாகனத்தில் 1,000 கிலோ வரையிலும், காப்பமைப்பு மிகுந்த மூன்றாம் தர வாகனத்தில் 16,000 கிலோ வரையிலும் ஏற்றலாம். இவை நிகர வெடிபொருள் நிறையில் சொல்லப்பட்ட வரம்புகள். வெவ்வேறு பிரிவுகள் ஒரே வாகனத்தில் ஏறினால், சுமை முழுவதும் அவற்றுள் மிக அபாயமான பிரிவைச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். அந்த வரிசையில் 1.1க்கு அடுத்து வருவது 1.5 என்பது பலருக்கு வியப்பளிக்கும். எண் பெரிதாகப் பெரிதாக அபாயம் குறைகிறது என்று எண்ணிப் பழகியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பயணிகள் கப்பல்களில் 1.4எஸ் சரக்கை எந்த அளவிலும் ஏற்றலாம் என்று சொல்லும் கடல்வழித் தொகுப்பு, மற்ற வெடிபொருள்களுள் அனுமதிக்கப்பட்ட சில குழுக்களுக்குக் கப்பல் ஒன்றுக்கு 10 கிலோ என்ற வரம்பையும், உயிர்காப்புக்கான வெடிபண்டங்களுக்கு 50 கிலோ என்ற வரம்பையும் விதிக்கிறது. மொத்த எடையை எழுதுகிறவருக்கு இந்த 10 கிலோ வரம்பு பொருளற்றதாகிவிடும்.

இவற்றுக்கு மாறாக, மொத்த எடையே தேவைப்படும் இடமும் உண்டு. அமெரிக்கச் சாலைகளில் 1.1, 1.2, 1.3 பிரிவுச் சரக்கு எவ்வளவு சிறிதானாலும் வாகனத்தின் நான்கு புறமும் அபாயப் பலகை மாட்டப்பட வேண்டும், 1.4, 1.5, 1.6 பிரிவுகளுக்கோ, பலகை கட்டாயமாகும் 454 கிலோ என்ற எல்லை மொத்த எடையில் கணக்கிடப்படுகிறது. ஒரே சரக்கின் ஒரே பயணத்தில் ஒரு விதி நிகர நிறையையும் மற்றொரு விதி மொத்த எடையையும் கேட்பதால், இரண்டு எண்களும் தனித்தனிப் பெயரோடு தாளில் இருப்பதே தக்கது.

எண் சிறிதாக இருந்தாலும் பொருந்துமைக் குழுவின் எழுத்தை மறக்கக்கூடாது என்பதற்கு டெட்டனேட்டர் சான்று. சுரங்கத்திலும் கல்குவாரியிலும் வெடியைத் தொடங்கிவைக்கும் இந்தச் சிறு குழாயில் இருக்கும் மருந்து ஏறத்தாழ ஒரு கிராம். அதோடு இணைந்த கம்பியோ பிளாஸ்டிக் குழாயோ அதைப்போலப் பன்மடங்கு கனக்கும். 500 டெட்டனேட்டர்கள் கொண்ட பெட்டியின் நிகர வெடிபொருள் நிறை அரை கிலோ அளவில் நிற்பதால், கிலோ கணக்கில் முழு எண்ணாக எழுதும் பழக்கமுள்ள எழுத்தர் அதைச் சுழியம் என்று குறித்துவிடவும் கூடும். டெட்டனேட்டரின் குழு பி. அது தொடங்கிவைக்கும் பெருவெடிமருந்தின் குழு டி. இவ்விரண்டையும் விலக்கி வைப்பதே அடுக்குமுறையின் அடிப்படைப் பாடம். தாளில் சுழியம் என்று வந்த பெட்டியை எவரும் விலக்கி வைக்க மாட்டார்கள். பின்ன எண்ணாக இருந்தாலும் அதை உள்ளபடி எழுதுவதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

அறியாமல் ஏற்றப்பட்ட வெடிபொருளின் வரலாறு பழையது. நைட்ரோகிளிசரின் விற்பனைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1866ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பனாமாவின் ஆஸ்பின்வால் துறைமுகத்தில் நின்ற ஐரோப்பியன் என்ற கப்பலில் அது வெடித்துப் பலரைக் கொன்றது. அதே மாதத்தில் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு சரக்கு அலுவலகத்தில், கசிந்துகொண்டிருந்த பெட்டியை உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் திறக்க முயன்றபோது வெடித்து 15 பேரைக் கொன்றது. அதே ஆண்டில் நைட்ரோகிளிசரின் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றியது. அபாயச் சரக்கின் பெயரை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்ற கடமை இவ்வாறு உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது.

பெயரும் அளவும் தெரிந்திருந்தும் பேரழிவு நேர்ந்ததற்கு இந்திய வரலாற்றில் உள்ள பெருஞ்சான்று 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா தளத்தில் நடந்த வெடிப்பு. இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டிலிருந்து பிப்ரவரியில் புறப்பட்ட ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல், சூயஸ் வழியாகக் கராச்சிக்கு வந்து, அங்கே பருத்திப் பொதிகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் மரத்தையும் ஏற்றிக்கொண்டு, ஏப்ரல் 12 அன்று பம்பாய் வந்து சேர்ந்தது. கடற்கண்ணிகளும் டார்ப்பிடோக்களும் குண்டுகளுமாக அதில் இருந்த படைக்கலச் சரக்கு 1,395 டன். அதில் 238 டன், எளிதில் தூண்டப்படும் உயர்தர வெடிபொருளாகிய ஏ வகையைச் சேர்ந்தது. போர்க்கால நெருக்கடியில், வெடிபொருளும் பருத்தியும் ஒரே கப்பலில் சேர்ந்து பயணம் செய்தன. 14ஆம் தேதி பிற்பகலில் சரக்கறையிலிருந்து புகை வந்தது. தீயின் மூலத்தைக் கண்டறிய முடியாமல் 900 டன்னுக்கும் மேற்பட்ட நீரைக் கப்பலுக்குள் பாய்ச்சினார்கள். அந்த நீரே கொதித்தது. 3 மணி 50 நிமிடத்துக்குக் கப்பலைக் கைவிடும் ஆணை பிறந்தது. 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் இரண்டாகப் பிளந்தது. அரை மணி நேரத்துக்குள் இரண்டாம் வெடிப்பும் நிகழ்ந்தது. கொலாபா வானாய்வகத்தின் நிலநடுக்கக் கருவிகள் இரண்டையும் பதிவு செய்தன. இறந்தோர் பல நூற்றுவர். அவர்களுள் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். இந்தியாவில் ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாக நினைவுகூரப்படுவது அவர்களை முன்னிட்டே.

இந்த நிகழ்ச்சியில் அளவு குறைத்து எழுதப்பட்டது என்று குற்றஞ்சாட்ட இடமில்லை. எண் இருந்தது; ஆனால் வந்த நாளிலேயே அந்த 238 டன்னை முதலில் இறக்குவதற்கும், தீ தெரிந்தவுடனேயே தளத்தைக் காலி செய்வதற்கும் அந்த எண் ஆணையாக மாறவில்லை. சரக்குத் தாளின் கடமை எழுதப்பட்டதோடு முடிவதில்லை. அவசர வேளையில் முதலில் வந்து சேர்கிறவரின் கைக்கு அது எட்ட வேண்டும். இக்காரணத்தாலேயே அமெரிக்க விதி, இருக்கைப் பட்டை அணிந்த நிலையில் ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில், உள்ளே நுழைகிறவரின் கண்ணில் படும்படியோ அவர் பக்கத்துக் கதவின் உட்பையிலோ தாள் இருக்க வேண்டும் என்றும், அவர் வண்டியை விட்டு இறங்கும்போது அதை இருக்கையின் மேலோ அந்தக் கதவுப் பையிலோ வைத்துச் செல்ல வேண்டும் என்றும் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறது. மயங்கிக் கிடக்கும் ஓட்டுநரிடம் கேட்டு அறிய முடியாது. இருக்கையின் மேல் கிடக்கும் தாள் பேசும்.

பிரிவு தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரம் 2000ஆம் ஆண்டு மே 13 அன்று கண்டது. குடியிருப்புகளின் நடுவே இருந்த ஒரு பட்டாசுக் கிடங்கு வெடித்ததில், தீயணைக்க வந்த 4 வீரர்கள் உட்பட 23 பேர் மாண்டனர். சுமார் 950 பேர் காயமுற்றனர். ஏறத்தாழ 400 வீடுகள் அழிந்தன. அங்கே இருந்த பட்டாசு சுமார் 177 டன். பெட்டிகளின் மேல் 1.4ஜி என்று ஒட்டப்பட்டிருந்த சரக்கில் பெரும்பகுதி அதைவிடக் கடுமையான பிரிவுகளைச் சேர்ந்தது என்பது விசாரணையில் தெளிவாயிற்று. 1.4 பிரிவில் ஆயிரம் கிலோ என்பதும் 1.1 பிரிவில் ஆயிரம் கிலோ என்பதும் தாளில் ஒரே எண்ணாகத் தோன்றினாலும், முன்னது பொதியளவில் அடங்கும் தீயையும் பின்னது ஒரு தெருவைத் தரைமட்டமாக்கும் வெடியையும் குறிக்கும்.

என்ஸ்கெடேயின் பின்விளைவாக, ஒவ்வொரு பட்டாசையும் சோதனைக்கு உட்படுத்தாமலே அதன் அமைப்பைக் கொண்டு பிரிவை முடிவுசெய்யும் அட்டவணை ஒன்று ஆரஞ்சுப் புத்தகத்தில் இடம்பெற்றது. அதில் வாணத்தில் மேலே சென்று வெடிக்கும் குண்டுகளுக்கு உரிய பகுதி, அளவை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. வண்ணக் குண்டின் விட்டம் 180 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அது 1.1ஜி. விட்டம் அதைவிடக் குறைவாக இருந்தாலும், உள்ளே பொடியாக உள்ள ஃப்ளாஷ் பவுடர் 25 விழுக்காட்டுக்கு மேல் போனால் அதுவும் 1.1ஜி, 25 விழுக்காடோ அதற்குக் கீழோ இருந்தால் 1.3ஜி. விட்டம் 50 மில்லிமீட்டருக்கு மேற்படாமலோ, மருந்து 60 கிராமுக்கு மேற்படாமலோ இருந்து, ஃப்ளாஷ் பவுடர் 2 விழுக்காட்டுக்குள் நின்றால் மட்டுமே அது 1.4ஜி ஆகும். குண்டுக்குள் எந்த மருந்து எத்தனை கிராம் என்று தெரியாதவர் பிரிவை அறிய முடியாது. பிரிவை அறியாதவர் எழுதும் நிகர நிறைக்கும் பொருள் இராது. இரண்டும் ஒரே தகவலிலிருந்து பிறப்பவை. அந்தத் தகவல் மருந்து கலக்கும் அறையில் மட்டுமே இருக்கிறது.

அளவுக் கட்டத்தின் பக்கத்தில் எழுதப்படும் ஒரு சொல்கூட எண்ணை அழித்துவிட முடியும். 1996ஆம் ஆண்டு மே 11 அன்று மயாமியிலிருந்து புறப்பட்ட வேல்யூஜெட் விமானத்தில், ஐந்து பெட்டிகளில் ஏற்றப்பட்ட ஆக்சிஜன் உற்பத்திக் கலங்கள் சரக்குச் சீட்டில் காலியானவை என்று குறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பல காலியானவையல்ல. அவற்றைத் தொடங்கிவைக்கும் சிறிய வெடிமூடிகளின் மேல் பாதுகாப்பு உறையும் போடப்படவில்லை. விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 110 பேரும் இறந்தனர்.

இதுவரை சொன்னவை யாவும், சரக்கு முதல் வகுப்பைச் சேர்ந்தது என்று தாள் ஒப்புக்கொண்ட நிலைக்கு உரியவை. வெடிக்கக்கூடிய சரக்கு முதல் வகுப்பிலேயே சேராதபோது நிலைமை வேறு. அம்மோனியம் நைட்ரேட்டில் எரியக்கூடிய கலப்பு 0.2 விழுக்காட்டுக்கு மேற்படாவிட்டால் அது ஐ.நா. எண் 1942இன் கீழ் 5.1 என்ற ஆக்சிஜனேற்றப் பொருளாகக் கொள்ளப்படும்; அந்த எல்லையைக் கடந்தால் ஐ.நா. எண் 0222இன் கீழ் 1.1டி என்ற வெடிபொருளாகிவிடும். முன்னதன் தாளில் நிகர வெடிபொருள் நிறை என்ற கட்டத்துக்கே வேலையில்லை. டன் கணக்கில் உரம் போல எடையை எழுதினால் விதி நிறைவடைந்துவிடும். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் கிராண்ட்கேம்ப் கப்பலிலிருந்த சுமார் 2,100 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது, உரக் கப்பலில் தீ என்று கருதி அருகில் நின்று நீர் பாய்ச்சிய அவ்வூர்த் தொண்டர் தீயணைப்புப் படையின் 28 பேரில் 27 பேர் மாண்டனர். பெய்ரூட்டிலோ, 2013ஆம் ஆண்டு நவம்பரில் ரோசஸ் என்ற கப்பல் கொண்டுவந்த 2,750 டன்னும் தாளில் சரியாகவே குறிக்கப்பட்டிருந்தது. அந்த எண் ஏறத்தாழ ஏழு ஆண்டுக் காலம் கோப்புகளில் சுற்றி வந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று கிடங்கில் தீ என்ற செய்தி கேட்டுப் போன தீயணைப்பு நிலையத்தாருள் 10 பேர் உயிர் துறந்தார்கள். இறந்தோர் தொகை 200ஐத் தாண்டியது.

பெய்ரூட் செய்தி வந்த சில நாள்களுக்குள், சென்னை மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் 2015ஆம் ஆண்டு முதல் சுங்கத்துறையின் பறிமுதலில் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் தமிழ்நாட்டின் பேச்சாயிற்று. அது ஏலத்தில் விடப்பட்டு ஐதராபாத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. இந்தியச் சட்டம் இவ்விஷயத்தில் பன்னாட்டுத் தாளைவிட ஒரு படி முன்னே நிற்கிறது என்றே சொல்ல வேண்டும். எடையில் 45 விழுக்காட்டுக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் கொண்ட கலவைகளை 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வெடிபொருளாகவே கருதும் அறிவிக்கையும், அதைத் தொடர்ந்த 2012ஆம் ஆண்டின் அம்மோனியம் நைட்ரேட் விதிகளும் ஏற்கெனவே உள்ளன. 2021இல் செய்யப்பட்ட திருத்தம், இறக்குமதியாகும் சரக்கைத் துறைமுகப் பகுதிக்கு 500 மீட்டர் அப்பால் உள்ள கிடங்குகளுக்கு மாற்ற வழி செய்தது. எனினும் வெளிநாட்டுக் கப்பலில் 5.1 என்று வரும் தாளைப் படிக்கிற கிளியரிங் ஏஜென்ட், இது நம் நாட்டுச் சட்டத்தில் வெடிபொருள் என்று தாமாகவே நினைவுகூர்ந்தாக வேண்டியிருக்கிறது.

சட்டங்களுக்கிடையிலான இந்த வேறுபாடு சிவகாசிக்கு நேரடியாகவே பொருந்துகிறது. 2008ஆம் ஆண்டின் இந்திய வெடிபொருள் விதிகளில் பட்டாசு 7ஆம் வகுப்பு. படைக்கலத் தோட்டா முதலியவை 6ஆம் வகுப்பு. ஐ.நா. முறையில் 7ஆம் வகுப்பு கதிரியக்கப் பொருளையும், 6ஆம் வகுப்பு நஞ்சையும் தொற்றுப் பொருளையும் குறிக்கும். உள்நாட்டு உரிமத்தைப் பார்த்து ஏற்றுமதித் தாளை நிரப்புகிறவர் வகுப்பு என்ற கட்டத்தில் 7 என்று எழுதிவிட்டால், கப்பலில் அந்தப் பெட்டிக்கு வேறு அறை, வேறு பலகை, வேறு தீயணைப்பு முறை என்று எல்லாமே பிறழ்ந்துபோகும். அளவிலும் அப்படியே. கம்பி மத்தாப்பின் எடையில் கம்பிக்குப் பெரும் பங்கு. புஸ்வாணத்தின் எடையில் அடிக் களிமண்ணும் அட்டைக் கூடும் சேர்ந்திருக்கும். சணல் சுற்றிய அணுகுண்டு வெடியின் எடையில் சணல் கணிசமானது. இவற்றை ஒரே கன்டெய்னரில் கலந்து அடுக்கி, மொத்த எடையில் ஒரு விழுக்காட்டை மருந்து என்று மனக்கணக்காக எடுத்து எழுதினால், அந்த எண் எந்தப் பெட்டியைப் பற்றியும் உண்மை சொல்லாது. வகைக்கு வகை ஒரு பெட்டியிலுள்ள மருந்தின் எடையைப் பெட்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, பிரிவு வாரியாகத் தனித்தனி வரியில் எழுதுவதே முறை.

அந்த முதல் எண்ணைத் தரக்கூடியவர் தொழிற்சாலையில் மருந்தை நிறுத்துக் கொடுக்கிறவர் மட்டுமே. கிளியரிங் ஏஜென்ட்டாலும், சுங்க அலுவலராலும், கப்பலின் முதல் அதிகாரியாலும் மூடிய பெட்டியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க இயலாது. அவர்கள் கைக்கு வரும்போது அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஊகிக்கப்பட வேண்டும். ஆகவே பட்டாசு ஆலை உரிமையாளர்களும், சுரங்க வெடிமருந்து உற்பத்தியாளர்களும் ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ நிகர வெடிபொருள் என்பதை அட்டைப்பெட்டியின் மேலும் பேக்கிங் லிஸ்ட்டிலும் மொத்த எடைக்குப் பக்கத்திலேயே, பெயரோடு, பின்ன எண் ஆனாலும் விடாமல் அச்சிட்டுத் தர வேண்டும். அந்த எண் இல்லாத பெட்டியை ஏற்றுமதிக்கு எடுக்க மாட்டோம் என்று சரக்கு முகவர்களும் உறுதியாக நிற்க வேண்டும்.